வால்நட் தூள்

மார்ச் 2

குட்டியின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடத்தில் நீங்கள் கத்துகிறீர்கள், மூன்றாவது நிமிடத்தில் நான் கத்துகிறேன், குட்டி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துவிடுகிறான். மூன்று வயதுகூட முடியாத பிள்ளை. அதனால் இனி எழுத்துதான். எழுத்தில் கத்தினால் அவனுக்குக் கேட்காது.

அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டோம். "கோவிச்சுக்கிட்டு ஓடிட்டா" என்று அக்கா வீட்டுக்காரரிடம் சொன்னீர்களாமே. நான் ஓடவில்லை. யோசித்து, பை கட்டி, பூட்டைச் சரிபார்த்து, சாவியை உங்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஓடுகிறவள் சாவி கொடுப்பாளா?

பிப்ரவரியில் மட்டும் நான்கு தடவை குட்டிக்கு மூச்சு இழுப்பு வந்தது. நான்கு தடவையும் ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி மாட்டி மருந்துப் புகை கொடுத்தார்கள். கடைசித் தடவை டாக்டரம்மா கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "வீட்ல யாராவது மரவேலை செய்றாங்களா? என்ன மரம்?" நீங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "வால்நட்" என்றீர்கள், மேடையேறிப் பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி. "அந்தத் தூள் சிலருக்கு ஒத்துக்காது. சின்னப் பிள்ளைங்களுக்கு மூச்சைக் கட்டும்" என்று அவர் சொன்னதும் உங்கள் முகம் போன போக்கு! திரும்பி வரும் வழியெல்லாம் "அந்தம்மா ஊசியைப் பத்திப் பேசட்டும், மரத்தைப் பத்தி ஏன் பேசுது?" என்று ஒரே புலம்பல். என் மடியில் பிள்ளையின் விலா உள்ளே போய் உள்ளே போய் வந்துகொண்டிருந்தது. நீங்கள் மரத்துக்கு வந்த அவமானத்தை நினைத்து வருத்தப்பட்டுக்கொண்டிருந்தீர்கள்.

பட்டறை வீட்டை விட்டுப் போக வேண்டும். இல்லையென்றால் வால்நட் போக வேண்டும். இரண்டில் ஒன்று நடக்கிற வரைக்கும் நாங்கள் வர மாட்டோம்.

குட்டியின் அம்மா


மார்ச் 7

படித்த மகாராணிக்கு,

உத்தரவு கிடைத்தது. நின்றுகொண்டே படித்தேன், உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாகிவிடுமே.

நான்கு வருஷமாக அந்த மரத்தோடுதான் நாம் குடித்தனம் நடத்துகிறோம். நீ சாப்பிடும் மேசை வால்நட். நீ எனக்கு முதுகைக் காட்டிப் படுத்த கட்டில் வால்நட். அப்போதெல்லாம் "என்ன நிறம், என்ன வழவழப்பு" என்று தடவித் தடவிப் பார்த்தவள் யார்? வேறு மரத்தை இழைக்கும்போது நார் ஓட்டம் மாறுகிற இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும், நாள் முழுக்க உளியைத் தீட்டியே கை ஓய்ந்துவிடும். இது அப்படியில்லை. கடினமும் உண்டு, பணிவும் உண்டு. ஒரு தடவை ஒழுங்காகக் காய்ந்துவிட்டால் மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு இழுப்பறை சிக்காது, வெயில் காலத்தில் பலகை முறுக்கிக்கொள்ளாது. துப்பாக்கிக்கு அடிக்கட்டை எதற்காக இதில் செய்கிறார்கள் தெரியுமா? வெடிக்கிற அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொண்டு பிளக்காமல் நிற்கும். உன்னோடு வாழ்வதற்கு நானும் அந்த மரத்தில் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

தூசி தூசி என்று ஜனவரியில் என்னை அரித்தெடுத்தாய். எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டினேன். தெருப் பக்கம் வைக்கப் போனேன், "எதிர்வீட்டுக்காரி சண்டைக்கு வருவா, சந்துப் பக்கம் வைங்க" என்றாய். சந்துப் பக்கமே வைத்தேன். பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கதவை எப்போதும் சாத்தியே வைத்திருக்கிறேன். தூள் மொத்தமும் வெளியே போகிறது. ஆனால் ஃபேன் மாட்டிய பிறகுதான் அவனுக்கு இழுப்பு அதிகமாயிற்று. தூசி குறைந்தபோது இழுப்பு கூடுகிறது என்றால் காரணம் தூசி இல்லை என்றுதானே அர்த்தம்? இதற்குக் கல்லூரிக்குப் போக வேண்டுமா?

வக்கீல் வீட்டு மாடிப்படிக்குக் கைப்பிடி செய்துகொண்டிருக்கிறேன். மூன்று திருப்பம், மூன்றும் ஒரே அடிமரத்திலிருந்து. இப்போது பட்டறையைத் தூக்கு என்றால் தலையிலா தூக்கி வைத்துக்கொள்வது?

இத்துடன் குட்டிக்கு ஒரு வண்டி. பயப்படாதே, வால்நட் இல்லை. பெட்டியைத் திறந்தால் தெரியும், பால் மாதிரி வெள்ளை.

அப்பா


மார்ச் 12

உங்களுக்கு,

வண்டி வந்தது. நான்கு சக்கரமும் நன்றாக உருளுகிறது. அதில் குறை சொல்ல எனக்கும் ஆசைதான், முடியவில்லை. குட்டி அதைக் கையில் பிடித்துக்கொண்டே சாப்பிடுகிறான், தூங்குகிறான். முன்பக்கத்தைக் கடித்துக் கடித்துப் பல் தடம் பதித்துவிட்டான்.

உங்கள் மரத்துக்கு நீங்கள் எழுதியிருக்கும் புகழுரையைப் படித்தேன். ஒரு பக்கம் முழுக்க மரம். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி இல்லை. தேடிப் பார்த்தேன், பின்பக்கம்கூடத் திருப்பிப் பார்த்தேன்.

நீங்கள் எழுதாமல் விட்டதை நான் எழுதுகிறேன். உங்கள் இரண்டு முன்கையும் சிவந்து தடித்துப் போயிருக்கிறது. போன வருஷத்திலிருந்தே. அதற்காகத்தான் வேகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை. காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல். "சளி" என்பீர்கள். வருஷம் முழுக்க ஒரு மனிதனுக்குச் சளி பிடிக்குமா? நாற்பது வயது உடம்பே அந்தத் தூளோடு மல்லுக்கட்டுகிறது. அவன் நெஞ்சு என் உள்ளங்கை அகலம்.

ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அவன் அறையில் அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, ஜன்னலை அகலத் திறந்து, நல்ல காற்று வரட்டும் என்று முதுகைத் தடவிக்கொண்டு இருந்தவள் நான். சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். நான் கூப்பிட்டால் "இந்த ஒரு பலகை, இதோ வந்துட்டேன்" என்பீர்கள். அந்த ஒரு பலகை எத்தனை பலகை என்று உங்களுக்குத் தெரியுமா?

இங்கே குட்டி நன்றாக இருக்கிறான். நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

குட்டியின் அம்மா


மார்ச் 24

கல்லூரிப் பெண்ணுக்கு,

இரண்டு விஷயம். நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படி.

முதல் விஷயம். குட்டி நன்றாக இருக்கிறான் என்று எழுதினாயே, நான்காம் தேதி அங்கேயும் அவனுக்கு இழுத்ததாமே? நீ எழுதவில்லை. சகலை போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். "இப்ப சரியாயிடுச்சுப்பா, நீ கவலைப்படாதே" என்றார். உன் அக்கா வீட்டில் எந்தப் பட்டறை இருக்கிறது? உன் அக்கா இழைப்புளி பிடிக்கிறாளா?

இரண்டாவது விஷயம். வண்டி. அது வால்நட்தான். எல்லாரும் வால்நட் என்றால் கறுப்பு என்று நினைக்கிறார்கள். நடுவில் வைரம் பாய்ந்த கட்டைதான் கரும்பழுப்பு. பட்டைக்கு அடியில் இருக்கும் வெளிமரம் வெளுப்பாகத்தான் இருக்கும். மில்லில் ஆவி காட்டி அதையும் பழுப்பாக்கி, முழுக்க வைரம் மாதிரி விற்றுவிடுவார்கள். நான் ஆவி காட்டாத மரம் வாங்குகிறவன். வக்கீல் வீட்டுக் கைப்பிடிக்கு அறுத்த அதே அடிமரத்தின் ஓரத்தை எடுத்துத்தான் வண்டி செய்தேன். உன் மகன் இரண்டு வாரமாக அதைக் கடித்திருக்கிறான், நக்கியிருக்கிறான், கட்டிப்பிடித்துத் தூங்கியிருக்கிறான். ஒரு தும்மல் உண்டா?

ஆக, வால்நட் இல்லாத இடத்தில் இழுப்பு. வால்நட் வாயிலேயே இருக்கும்போது இழுப்பு இல்லை. நீ படித்தவள். விளக்கு பார்க்கலாம்.

பதிலுக்குக் காத்திருக்கிறேன். அவசரமில்லை, மெதுவாக யோசி.

அப்பா


மார்ச் 28

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான் செய்த முதல் வேலை, பிள்ளை கையிலிருந்து வண்டியைப் பிடுங்கியது. அவன் அழுத அழுகைக்கு அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். "என்னடி பண்ணினே?" என்றாள். என் புருஷன் சொந்தப் பிள்ளையை வைத்துப் பரிசோதனை பண்ணியிருக்கிறார் என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

பொய் சொன்னீர்கள். "பயப்படாதே, வால்நட் இல்லை" என்று உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? நீங்கள் அங்கே கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றிருப்பீர்கள், மருந்து மூடியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருப்பேன். உங்களுக்கு ஜெயிக்க வேண்டும். அதற்கு அவன் மூச்சைப் பணயம் வைக்கலாம். இதை நான் மறக்க மாட்டேன். இது கோபம் இல்லை, தகவல்.

இப்போது விளக்கம் கேட்டீர்களே, வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்று மதியமே வண்டியை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏனென்றால் அதில் தூள் இல்லை. வழவழவென்று தேய்த்து, துடைத்து, எண்ணெய் ஏற்றிக் காயவைத்திருக்கிறீர்கள். வால்நட் மேசையில் சாப்பிட்டு யாருக்கும் மூச்சு கட்டியதில்லை. அதை நான் எப்போது சொன்னேன்? டாக்டரம்மா சொன்னது தூளை. நீங்கள்தான் மரத்தைத் திட்டிவிட்டார்கள் என்று மரத்துக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

நான்காம் தேதி. ஆமாம், இழுத்தது. உங்களிடம் மறைத்தேன், நீங்கள் இப்படித்தான் எழுதுவீர்கள் என்று தெரிந்ததால். அன்று காலையில்தான் அடிப் பையிலிருந்து அவன் தலையணையை எடுத்துப் போட்டேன். நம் வீட்டுத் தலையணை, அவன் அறையில் இருந்தது. மதியம் அதில் தூங்கி எழுந்ததும் இழுப்பு. உறையைக் கழற்றி வெந்நீரில் போட்டேன். தண்ணீர் பழுப்பாக இறங்கியது. நீங்கள் ஈரத் துணியால் துடைக்கும்போது பட்டறை வாளியில் இறங்குமே, அதே பழுப்பு. மூன்று தண்ணீர் மாற்றினேன். அன்றோடு சரி. இன்றுவரைக்கும் ஒரு நாள்கூட இல்லை.

கதவு சாத்தியிருக்கிறது, ஃபேன் வெளியே தள்ளுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் அது தலையணைக்கு எப்படி வந்தது? எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. நீங்கள்தானே பரிசோதனைக்காரர்? எழுந்து, அவன் அறைக்குப் போங்கள். பெருக்காதீர்கள், துடைக்காதீர்கள். நாங்கள் கிளம்பிய நாள் முதல் அந்த அறைக்குள் கால் வைத்தீர்களா என்பதே எனக்குச் சந்தேகம். போய்ப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். மரத்தைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் கடிதம் திரும்பி வரும்.


ஏப்ரல் 2

போனேன்.

நீ சந்தேகப்பட்டது சரி. இத்தனை நாளாக உள்ளே போகவில்லை. காலிக் கட்டிலை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கதவைச் சாத்தியே வைத்திருந்தேன்.

கட்டில் கம்பிகளின் மேல் விரலை ஓட்டினேன். கதவு நிலைக்கு மேலே பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. எந்த வீட்டில் இல்லை என்று உனக்கு எழுத மனதுக்குள் வாக்கியமே தயார் செய்துவிட்டேன். அப்புறம் ஜன்னலைத் திறந்தேன்.

கொசுவலை கம்பளி மாதிரி இருந்தது. ஓட்டை பாதி அடைத்திருந்தது. விரலால் தட்டினேன், பழுப்பாகக் கொட்டியது. என் முகத்திலேயே கொட்டியது. அரை மணி நேரம் இருமினேன்.

சந்துக்குப் போய் வெளியிலிருந்து பார்த்தேன். ஃபேன் மாட்டிய நாளில் நான் பட்டறைக்கு உள்ளே நின்று ஆணி அடித்தேன், வெளியே போய்ப் பார்க்கவே இல்லை. சந்தில் சுவரோடு ஒட்டி நின்று இரண்டு கையையும் விரித்தேன். ஒரு கை ஃபேன் மேல் இருந்தது. இன்னொரு கை அவன் ஜன்னல் மேல் இருந்தது.

சந்து குறுகல், எதிர்ச்சுவர் உயரம். தூள் வேறு எங்கே போகும்? எனக்கே நம்பிக்கை வராமல், உள்ளே வந்து இழைப்பு இயந்திரத்தில் ஒரு பலகையை விட்டு, ஃபேனையும் ஓட விட்டு, அவன் அறைக்கு ஓடிப் போய் நின்றேன். ஜன்னல் வழியாக உச்சி வெயில் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள் அது உள்ளே வந்துகொண்டிருந்தது. மெதுவாக, ஒரு அவசரமும் இல்லாமல். நேராகக் கட்டில் மேலே.

ஃபேன் மாட்டியது நான். அதைக் காரணம் காட்டி உன்னோடு வாதாடியதும் நான்.

ஃபேனைக் கழற்றிவிட்டேன். இயந்திரத்தை நிறுத்திவிட்டேன். சந்தோஷமாக இருந்துகொள்.


ஏப்ரல் 6

உங்களுக்கு,

சந்தோஷமாக இருந்துகொள் என்கிறீர்கள். இருக்கிறேன் பாருங்கள், கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஃபேனை எழுதினீர்கள். ஜன்னலை எழுதவில்லை.

வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறீர்கள். உங்கள் கை சும்மா இருக்கிற கையா? என்னைக் குத்திக்காட்ட இதைவிட நல்ல ஆணி உங்களுக்குக் கிடைக்காது. ஒவ்வொரு தடவையும் அந்த ஜன்னலைத் திறந்தது நான். இழுக்க இழுக்க இன்னும் அகலமாகத் திறந்தேன். அவன் முகத்தை அந்தப் பக்கமே திருப்பி, "நல்லா மூச்சு விடு கண்ணு, நல்லா உள்ள இழு" என்று சொல்லிக் கொடுத்தேன். சந்துப் பக்கம் வையுங்கள் என்றதும் நான்தான். அதை முதல் கடிதத்திலேயே என் மேல் எறிந்தீர்கள், இந்தக் கடிதத்தில் எறியவில்லை.

எழுதாமல் விட்டதற்கு நன்றி சொல்வேன் என்று நினைக்காதீர்கள். எழுதியிருந்தால் உங்களோடு சண்டை போட்டிருப்பேன். இப்போது யாரோடு போடுவது? பெரிய மனிதர் மாதிரி பேசாமல் இருந்து என்னைத் தனியாக விட்டுவிட்டீர்கள்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பிள்ளையை வைத்துச் சோதித்தது அப்படியேதான் இருக்கிறது. ஃபேனைக் கழற்றினால் தூள் பட்டறைக்குள் நிற்கும், கதவிடுக்கு வழியாக வரும். பட்டறை போனால்தான் வருவேன். அந்த வார்த்தையில் மாற்றம் இல்லை.

குட்டியின் அம்மா


ஏப்ரல் 15

குட்டியின் அம்மாவுக்கு,

பட்டறை போய்விட்டது.

வக்கீல் வீட்டுக்குப் பின்னால் பழைய வண்டிக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. கைப்பிடி முடியும்வரை அங்கேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். அதற்கப்புறமும் வைத்துக்கொள்கிறேன் என்று பேசிவிட்டேன். மூன்று பக்கம் வெட்டவெளி, பக்கத்தில் ஒரு ஜன்னலும் கிடையாது. நானே சுற்றி நடந்து பார்த்தேன். இரண்டு தடவை.

வீட்டைப் பெருக்கவில்லை, பெருக்கினால் பறக்கும். ஈரத் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். கூரை, சுவர், நிலை, கட்டில், உன் புடவை அலமாரி. ஐந்து நாள். கொசுவலையைப் பிடுங்கிப் புதைத்துவிட்டேன். கை தடிப்பை டாக்டரம்மாவிடமே காட்டினேன். "இப்பவாவது வந்தீங்களே" என்றார். முகமூடி இல்லாமல் உப்புத்தாள் பிடிக்கக் கூடாதாம். வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து, அந்தச் சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டுமாம். அப்படித்தான் செய்கிறேன்.

வால்நட்டை விட மாட்டேன். அதை மட்டும் கேட்காதே. எனக்கு வேறு எதுவும் அவ்வளவு நன்றாக வராது.

உனக்காக மாற்றினேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வெயிலில் அது கட்டில் மேல் இறங்கியதைப் பார்த்த பிறகு யார் கேட்டாலும் மாற்றியிருப்பேன், கேட்காவிட்டாலும் மாற்றியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வரலாமா? கெஞ்சவில்லை, கேட்கிறேன். புதுச் சட்டை, கடையிலிருந்து பிரிக்காமல் கொண்டுவந்து உன் அக்கா வீட்டு வாசலில் மாட்டிக்கொள்கிறேன்.

அப்பா


ஏப்ரல் 21

உங்களுக்கு,

நீங்கள் பஸ் ஏறியதும் அக்கா என்னைத் திட்டினாள். "வந்த மனுஷனை வாசல்ல நிக்க வெச்சு மோந்து பாக்குறியே, நீ என்ன போலீஸ் நாயா?" என்று. முகர்ந்து பார்த்தேன்தான். அடுத்த தடவையும் பார்ப்பேன்.

குட்டி செய்ததைப் பற்றி எழுத வேண்டும். ஓடிவந்து உங்கள் மேல் ஏறினான், கழுத்தில் முகத்தை வைத்தான், வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டான். "இது அப்பா வாசனை இல்ல" என்று கீழே இறங்கி என் பின்னால் ஒளிந்தான். நீங்கள் சிரித்தீர்கள். "சோப்பு வாசனைடா, பழகிக்கோ" என்றீர்கள். அப்புறம் தண்ணீர் வேண்டும் என்று உள்ளே போனவர் வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று. நானும் பின்னால் வரவில்லை. வந்திருக்கலாம். வர மனமில்லை, இன்னும் வண்டி விஷயம் தொண்டையில் நிற்கிறது.

சாயங்காலம் நீங்கள் கிளம்பும்போது அவனாக வந்து உங்கள் விரலைப் பிடித்தானே, அது சோப்பு வாசனை வீசும் அப்பாவின் விரல்தான். பழகிக்கொள்வான்.

வால்நட்டை விடச் சொல்ல மாட்டேன். நாங்கள் எப்போது வீட்டுக்கு வருவோம் என்று நீங்களும் கேட்காதீர்கள். டாக்டரம்மா போனில் இன்னும் ஒரு மாதம் பார்க்கச் சொல்லியிருக்கிறார், நானும் ஒரு மாதம் பார்க்க வேண்டியிருக்கிறது, உங்களை.

அடுத்த ஞாயிறு இவ்வளவு காலையில் வராதீர்கள். ஒரு மணிக்கு வாருங்கள். அப்போதுதான் அவன் சாப்பிட்டுத் தூங்குவான். இப்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு தூங்குகிறான். பக்கத்தில் உட்காருங்கள். காதை அவன் நெஞ்சு வரைக்கும் கொண்டுபோனாலும் இழுப்புச் சத்தம் எதுவும் கேட்காது.

குட்டியின் அம்மா